இரண்டு ரூபாய் ஆனந்தம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நடுநிலையான கட்டுரை அல்ல. டிரான்சிஸ்டர் என்கிற மூன்று கால் பொருள் மீது எனக்கு முற்றிப்போன காதல். எதிரில் இருப்பவருக்குப் பத்து நிமிடம் ஓய்வு என்று தெரிந்தால் போதும், பையிலிருந்து, சாமான்களைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டை எடுத்து மேஜையில் வைத்துவிடுவேன். வீட்டில் இதைப் பைத்தியம் என்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு மலிவாக, இவ்வளவு உயர்ந்த ரகத்தில் வேறொரு பைத்தியம் கிடைக்காது.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. படித்தது பி.காம், பிழைப்பு கணக்கு வழக்கும் ஜிஎஸ்டி தாக்கலும். பள்ளிக்கூட இயற்பியலில் ஓம் விதி மட்டும் ஞாபகம் இருந்தது: வோல்ட்டேஜை ரெசிஸ்டன்ஸால் வகுத்தால் கரண்ட். அந்த ஒற்றை வகுத்தலை மூலதனமாகப் போட்டு, நாற்பது வயதுக்கு மேல், நானாக உட்கார்ந்து டிரான்சிஸ்டர் சர்க்யூட் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். தனியாகக் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான வித்தை கிடையாது என்பது என் கட்சி. பாட்டு கற்றால் சுருதி சேர்கிறதா என்று சொல்ல ஒரு குரு வேண்டும். இங்கே அந்த வேலையை மல்ட்டிமீட்டர் பார்த்துக்கொள்ளும். இந்த முனையில் 4.6 வோல்ட் இருக்க வேண்டும் என்று பேப்பரில் கணக்குப் போட்டு எழுதிவிட்டு, மீட்டரின் ஊசியை அங்கே வைத்தால் 4.7 காட்டுகிறது. அந்த நொடியின் சுகம் இருக்கிறதே! யாரும் பாராட்ட வேண்டாம், யாரும் மதிப்பெண் போட வேண்டாம். இயற்கையே கையெழுத்துப் போட்டுத் தந்த மாதிரி இருக்கும்.

கடை வாசலில் முதல் பாடம்

சென்னைக்காரர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு தெரியும். ஆள் நகர இடமில்லாத அந்தத் தெருவில் டிராயர் டிராயராக எலெக்ட்ரானிக் சாமான்கள். கவுன்ட்டரில் கேட்டேன்:

"அண்ணே, பிசி 547 ஒரு பத்து குடுங்க."

"ஏ-வா, பி-யா, சி-யா சார்?"

எனக்கு அது புதுச் செய்தி. "எது நல்லதுண்ணே?"

"எல்லாம் நல்லதுதான். கெயின்தான் வேற வேற. பி எடுத்துக்குங்க, எல்லாத்துக்கும் ஓடும்."

அந்த நான்கு வரிப் பேச்சில் எவ்வளவு விஷயம்! டிரான்சிஸ்டரின் பேஸ் என்ற காலில் சின்னக் கரண்ட் போனால், கலெக்டரிலிருந்து எமிட்டருக்கு அதைப்போல் பல மடங்கு கரண்ட் போகும். எத்தனை மடங்கு என்பதுதான் கெயின். பிசி 547-இல் ஏ ரகத்துக்கு 110 முதல் 220 வரை, பி ரகத்துக்கு 200 முதல் 450 வரை, சி ரகத்துக்கு 420 முதல் 800 வரை. ஒரே அச்சில் வார்த்த பொருளுக்கு இவ்வளவு வித்தியாசமா என்று கணக்குப்பிள்ளை மனசு திடுக்கிட்டது. இந்த வித்தியாசத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதில்தான் இந்தக் கலையின் அழகே இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். அன்றைக்கு மூன்று ரகத்திலும் வாங்கிக்கொண்டேன். ஒன்று ஓரிரு ரூபாய். கூடவே எல்லாக் கடையிலும் தொங்கும் மஞ்சள் நிற மல்ட்டிமீட்டர், ஒரு பிரெட்போர்ட், கைப்பிடி ரெசிஸ்டர்கள்.

பிசி 547-ஐக் கையில் எடுத்துப் பாருங்கள். கருப்பு உடல், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். அமெரிக்கர்கள் கொண்டாடும் டூ என் 3904-இல் இதே வரிசை தலைகீழ். வெளிநாட்டுப் புத்தகத்துப் படத்தைப் பார்த்து நம் ஊர்ச் சாமானைச் செருகுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

மீட்டரை டயோடு குறிக்குத் திருப்பி, சிவப்பு ஊசியைப் பேஸிலும் கருப்பு ஊசியை எமிட்டரிலும் வைத்தால் 650-ஐ ஒட்டி ஒரு எண் வரும். அது மில்லிவோல்ட். கலெக்டரில் வைத்தால் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஊசிகளை மாற்றி வைத்தால் இடது ஓரத்தில் ஒற்றை '1' மட்டும் நிற்கும், அதாவது கரண்ட் போகவில்லை. ஆக, எது எமிட்டர், எது கலெக்டர், டிரான்சிஸ்டர் உயிரோடு இருக்கிறதா என்று எல்லாமே அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இன்னொன்றையும் செய்து பாருங்கள். ஏசி போட்ட அறையில் அந்த 650 நிலையாக நிற்கும்போது, டிரான்சிஸ்டரின் உடலை இரண்டு விரலால் பிடியுங்கள். 648, 645, 640 என்று இறங்கும். விட்டால் மெதுவாக ஏறும். சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் குறைகிறது. கையில் இருப்பது இரண்டு ரூபாய் சாமான், ஆனால் அது உங்கள் விரலின் சூட்டை அளந்து சொல்கிறது. நான் இதை முதலில் பார்த்த அன்று வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு விரல் வைக்கச் சொன்னேன்.

விரல் நுனியில் வெளிச்சம்

புதிதாக வருகிறவர்களுக்கு நான் காட்டும் முதல் சர்க்யூட் இது. 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு 470 ஓம் ரெசிஸ்டர், அதற்குப் பின் ஒரு சிவப்பு எல்இடி, அங்கிருந்து கலெக்டர். எமிட்டர் நேராகப் பேட்டரியின் மைனஸுக்கு. பேஸில் ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர். பழுப்பு, கருப்பு, ஆரஞ்சுக் கோடு போட்டது. அதன் மறுமுனையில் ஒரு வெறும் கம்பி. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து இன்னொரு வெறும் கம்பி. இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொடவில்லை, எல்இடி அணைந்திருக்கிறது. இப்போது ஒரே விரலால் இரண்டு கம்பிகளையும் சேர்த்து அழுத்துங்கள்.

எரியும்! மங்கலாகத்தான், ஆனால் எரியும். அழுத்தினால் கூடும், தளர்த்தினால் குறையும்.

கணக்குப் போட்டால் இன்னும் இனிக்கும். காய்ந்த தோலின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 10 லட்சம் ஓம் என்று வையுங்கள். அதன் வழியாகப் போகும் கரண்ட் ஒரு ஆம்பியரில் 10 லட்சத்தில் எட்டுப் பங்கு, அதாவது 8 மைக்ரோஆம்பியர். எல்இடிக்கு அது எந்த மூலைக்கு? டிரான்சிஸ்டரைக் கழற்றிவிட்டு விரலை நேராக எல்இடியோடு தொடுத்தால் வெளிச்சம் என்று ஒன்று தெரியாது. ஆனால் கெயின் 300 என்றால் அந்த 8 மைக்ரோஆம்பியர், கலெக்டரில் 2.4 மில்லிஆம்பியர். அதைத்தான் கண் பார்க்கிறது. அம்மா பாத்திரம் தேய்த்த கையோடு வந்து தொட்டுப் பார்த்தார். "எனக்கு உன்னைவிட நல்லா எரியுதுடா!" ஈரக் கைக்கு ரெசிஸ்டன்ஸ் குறைவு, கரண்ட் கூடுதல். அம்மாவின் பெருமிதத்தைக் கெடுப்பானேன் என்று விளக்கம் சொல்லவில்லை.

அடுத்து, முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டரை இன்னொரு டிரான்சிஸ்டரின் பேஸில் கொடுத்து, இரண்டு கலெக்டரையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். இப்போது இரண்டு கெயினும் பெருக்கலாகிறது: 300 பெருக்கல் 300, 90,000. விரல் பட்டும் படாமலும் இருக்கும்போதே எல்இடி முழு வெளிச்சத்தில் எரியும். 1953-இல் அமெரிக்காவின் பெல் லேப் என்ற ஆய்வுக்கூடத்தில் சிட்னி டார்லிங்டன் கண்டுபிடித்த இணைப்பு இது; அவர் பெயராலேயே டார்லிங்டன் பேர். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, இன்னொரு டிரான்சிஸ்டரும் இரண்டு கம்பி மாற்றமும்தான். ஆனாலும் கண்டுபிடிக்க ஒருவர் வேண்டியிருந்தது பாருங்கள்.

இதே சர்க்யூட்டில் விரலுக்குப் பதில் தண்ணீர் வைத்தேன். மொட்டைமாடித் தொட்டியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ, எல்இடி இருந்த இடத்தில் ஒரு பஸ்ஸர். மோட்டார் போட்டுவிட்டு மறந்து, தண்ணீர் வழிந்து தெருவுக்கு ஓடும் வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. இப்போது தண்ணீர் ஸ்க்ரூவைத் தொட்டதும் கீழே பஸ்ஸர் அலறுகிறது. தொடாத நேரத்தில் பேட்டரியிலிருந்து கரண்ட் ஏறக்குறைய போவதே இல்லை. ஸ்க்ரூவுக்குப் பதில் செம்புக் கம்பி போட்டால், தண்ணீரில் டிசி ஓடி ஓடி அது பச்சை பூத்து அரித்துப்போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெகு காலம் தாங்கும். கடைகளில் இதற்கென்றே பெட்டி விற்கிறார்கள், உண்மைதான். ஆனால் அதில் எந்தக் கரண்ட் எந்த வழியாகப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. இதில் ஒவ்வொரு மைக்ரோஆம்பியரும் எனக்குத் தெரிந்த ஆள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் 9 வோல்ட்டுக்குள் நடக்கும் விளையாட்டு. சுவரில் வரும் 230 வோல்ட் பக்கம் இந்தக் கட்டத்தில் எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம்.

மைனஸ் எங்கிருந்து வந்தது?

இரண்டு எல்இடி மாறி மாறி மின்னும் சர்க்யூட் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். இந்தச் சர்க்யூட்டின் பூர்வீகம் டிரான்சிஸ்டரைவிடப் பழையது. 1919-இல் ஆப்ரஹாம், பிளாக் என்ற இரண்டு பிரெஞ்சு இயற்பியலாளர்கள் வால்வுகளை வைத்து வெளியிட்டது. பலர் இதைச் செய்துவிட்டு, மின்னுகிறதே, சரி என்று அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். ஐயோ, போகாதீர்கள்! அல்வாவைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போகிற மாதிரி.

பழைய மொபைல் சார்ஜரிலிருந்து 5 வோல்ட் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு டிரான்சிஸ்டர். ஒவ்வொன்றின் கலெக்டரிலும் எல்இடியும் 470 ஓமும். ஒவ்வொன்றின் பேஸிலிருந்தும் பிளஸ்ஸுக்கு ஒரு 47 கிலோஓம். இதன் கலெக்டரிலிருந்து அதன் பேஸுக்கு ஒரு 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அதன் கலெக்டரிலிருந்து இதன் பேஸுக்கு இன்னொன்று. கெப்பாசிட்டரின் பிளஸ் கால் கலெக்டர் பக்கம். கெப்பாசிட்டர் பெரிதாக இருப்பதால் எல்லாம் நிதானமாக நடக்கும், மீட்டர் கூடவே ஓடி வரும். இப்போது மீட்டரின் கருப்பு ஊசியை மைனஸிலும் சிவப்பு ஊசியை ஒரு பேஸிலும் வைத்துப் பாருங்கள்.

மைனஸ் காட்டும்! சர்க்யூட்டில் இருப்பது 5 வோல்ட் பிளஸ் மட்டும்தான். மைனஸ் 2, மைனஸ் 1 என்று பூச்சியத்தை நோக்கி ஏறி, பூச்சியத்தையும் தாண்டி, 0.6-ஐத் தொட்டதும் சட்டென்று எல்இடிகள் இடம் மாறும். எதிர்க் கலெக்டர் மேலே இருந்து கீழே விழும்போது, கெப்பாசிட்டரின் ஒரு கால் அதோடு விழுகிறது. கெப்பாசிட்டரின் வோல்ட்டேஜ் நொடியில் மாறாது என்பதால் மறு காலும் அதே அளவு விழ வேண்டும். அது ஏற்கெனவே 0.6-இல் இருந்தது; ஆகவே பூச்சியத்துக்குக் கீழே போய்விடுகிறது. பிறகு 47 கிலோஓம் வழியாக மெல்ல மெல்ல நிரம்பி மேலே வருகிறது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒரு ரகம். மீட்டரில் அந்த மைனஸ் குறியைக் கண்ணால் பார்ப்பது வேறு ரகம்.

புத்தகச் சூத்திரம் சொல்வது: நேரம் என்பது 0.69 பெருக்கல் ரெசிஸ்டன்ஸ் பெருக்கல் கெப்பாசிட்டன்ஸ். 47 கிலோஓம், 100 மைக்ரோஃபாரட் என்றால் 3.2 வினாடி. கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் மூன்று வினாடிகூட இல்லை. ஏன்? பேஸில் பார்த்த மைனஸிலேயே விடை இருக்கிறது. சூத்திரப்படி அது மைனஸ் 4.3 வரை இறங்க வேண்டும். ஆனால் கலெக்டரில் உட்கார்ந்திருக்கும் எல்இடி ஒன்றரை வோல்ட்டை விழுங்கிவிடுவதால் மைனஸ் 2.6-க்குப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. ஏற வேண்டிய தூரம் குறைவு, நேரமும் குறைவு. புதுக் கணக்கைப் போட்டால் 2.6 வினாடி வருகிறது, கடிகாரத்தோடு ஒத்துப்போகிறது. சூத்திரம் தன் எல்லைக்குள் சரி, எல்லைக்கு வெளியே நாம்தான் சூத்திரம் எழுத வேண்டும் என்று யாராவது எனக்குப் பத்தாம் வகுப்பில் சொல்லியிருந்தால், நான் வேறு வேலையில் இருந்திருப்பேன்.

பாதி வோல்ட்டேஜின் பரவசம்

இப்போது சன்னதிக்கு வந்துவிட்டோம். ஒரே ஒரு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர். ஆம்ப்ளிஃபயர்.

9 வோல்ட். பிளஸ்ஸிலிருந்து பேஸுக்கு 47 கிலோஓம், பேஸிலிருந்து மைனஸுக்கு 10 கிலோஓம். கலெக்டருக்கு மேலே 4.7 கிலோஓம், எமிட்டருக்குக் கீழே 1 கிலோஓம். பவர் கொடுக்கும் முன் பென்சிலை எடுங்கள். பேஸில் இருக்கப்போவது 9-ஐ 57-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்கியது: 1.58 வோல்ட். எமிட்டர் அதைவிட 0.65 கீழே: 0.93. அது 1 கிலோஓமுக்கு மேல் நிற்கிறது, ஆகவே கரண்ட் 0.93 மில்லிஆம்பியர். ஏறக்குறைய அதே கரண்ட்தான் 4.7 கிலோஓம் வழியாகவும் வருகிறது, அங்கே 4.37 வோல்ட் விழும். கலெக்டரில் மிச்சம் 4.63. ஏறக்குறைய சரி பாதி. மேலே போகவும் இடம், கீழே வரவும் இடம். சிக்னல் இரண்டு பக்கமும் தாராளமாக ஆடலாம்.

பவர் கொடுத்தேன். மீட்டரில் 4.7.

இந்தக் கணக்கில் கெயின் எங்கே வந்தது? வரவே இல்லை! ஏ, பி, சி என்று கடைக்காரர் கேட்டாரே, அதற்கு இங்கே வேலையே இல்லை. சி-யைப் பிடுங்கிவிட்டு ஏ-வைச் செருகினால் 4.9 காட்டும். கெயின் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தும் வோல்ட்டேஜ் 0.2-தான் நகர்ந்திருக்கிறது. பேஸுக்கு ஒற்றைப் பெரிய ரெசிஸ்டரை மட்டும் போட்டு இதே சோதனையைச் செய்தால் கதையே வேறு. ஒரு டிரான்சிஸ்டருக்குப் பாதி வோல்ட்டேஜ், அடுத்ததைச் செருகினால் கலெக்டர் தரையில் படுத்திருக்கும். அந்த 1 கிலோஓம் எமிட்டர் ரெசிஸ்டர்தான் மந்திரக்கோல். கரண்ட் கூடப் பார்த்தால் எமிட்டர் வோல்ட்டேஜ் ஏறும். ஏறினால் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் குறையும். குறைந்தால் கரண்ட் தானே அடங்கும். எவ்வளவு முன்னே பின்னே இருக்கும் என்று சொல்லவே முடியாத ஒரு பொருளை, நாலணா ரெசிஸ்டர் ஒன்று ஒழுக்கமாக நடக்க வைக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் என்றால் இதுதான் என்று எனக்குப் பட்டது அந்த இரவில்தான். நான் உண்மையாகவே கைதட்டினேன்.

பெருக்கம் எவ்வளவு? எமிட்டர் ரெசிஸ்டரை அப்படியே விட்டால் 4.7-ஐ 1-ஆல் வகுத்த அளவு, ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் கீழே. அதற்கு இணையாக ஒரு 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைச் செருகுங்கள். டிசிக்கு அது இல்லாத மாதிரி, ஒலிக்கு அது வெறும் கம்பி மாதிரி. இப்போது எமிட்டரில் மிஞ்சுவது டிரான்சிஸ்டருக்குள்ளேயே இருக்கும் சின்ன ரெசிஸ்டன்ஸ் மட்டும்: 25-ஐ மில்லிஆம்பியரால் வகுத்தால் 27 ஓம். 4700-ஐ 27-ஆல் வகுத்தால் 170 மடங்குக்கு மேல். ஒரு கண்டென்சர் மைக்கை ஒரு பக்கமும், பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை மறுபக்கமும் மாட்டி, மைக்கைச் சுவர்க் கடிகாரத்தின் மேல் வைத்தேன். டக், டக் என்று அறையே அதிர்ந்தது. கெப்பாசிட்டரைப் பிடுங்கினால் சத்தம் அடங்கும், செருகினால் எழும்பும்.

1947 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் லேபில், ஜான் பார்டீனும் வால்ட்டர் பிராட்டனும் தங்கள் மேலதிகாரிகளுக்குக் காட்டியதும் இதைத்தான். ஜெர்மானியத் துண்டு ஒன்றின் மேல், தங்கத் தகடு ஒட்டிய பிளாஸ்டிக் முக்கோணம். தகட்டின் முனையைப் பிளேடால் கீறி இரண்டாக்கியிருந்தார்கள். அதன் வழியாகப் பேசினார்கள். சர்க்யூட்டில் அதைச் சேர்த்தும் விலக்கியும் பேச்சொலி கூடுவதைக் காதால் கேட்டார்கள். அவர்களுடைய குழுத் தலைவர் வில்லியம் ஷாக்லியோடு மூவருக்கும் 1956-இல் நோபல் பரிசு. உலகத்தை மாற்றிய சோதனையை நம் சாப்பாட்டு மேஜையில், மோர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மறுபடி செய்ய முடிகிறது. வேறு எந்தத் துறையில் இந்தப் பாக்கியம் உண்டு?

செத்த செல்லின் மறுபிறவி

கணக்கெல்லாம் வேண்டாம், வித்தை மட்டும் காட்டு என்கிறவர்களுக்கு என்னிடம் ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு. சுவர்க் கடிகாரத்தில் தீர்ந்துபோன ஒற்றைப் பென்சில் செல், வெள்ளை எல்இடி ஒன்று. வெள்ளை எல்இடி எரிய 3 வோல்ட் வேண்டும். புது செல்லே 1.5-தான், இந்தக் கிழட்டுச் செல்லில் 1 வோல்ட் இருந்தால் அதிகம். ஆனாலும் எரியும்.

ஃபெரைட் வளையம் ஒன்று வாங்கி, இரண்டு நிற மெல்லிய கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து ஒரு பத்துப் பதினைந்து சுற்று சுற்றுங்கள். ஒரு கம்பியின் தொடக்கத்தையும் மற்றதன் முடிவையும் முறுக்கிச் செல்லின் பிளஸ்ஸுக்குக் கொடுங்கள். மிச்சமுள்ள இரண்டு முனைகளில் ஒன்று கலெக்டருக்கு. மற்றது 1 கிலோஓம் வழியாகப் பேஸுக்கு. எமிட்டர் மைனஸுக்கு. எல்இடி, கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே. கலெக்டர் சுருளில் கரண்ட் ஏற ஏற அடுத்த சுருள் பேஸை இன்னும் தூண்டும். ஏற்றம் நின்றதும் தூண்டுதல் நிற்கும், டிரான்சிஸ்டர் அணையும். சுருளுக்கோ ஓடிய கரண்ட் சட்டென்று நிற்பது பிடிக்காது. வோல்ட்டேஜை உயர்த்தி, எல்இடி வழியாகத் தள்ளிவிட்டுத்தான் ஓயும். வினாடிக்குப் பல்லாயிரம் தடவை இது நடக்கிறது, நம் கண்ணுக்குத் தொடர்ந்து எரிகிற மாதிரி. 1999-இல் ஒரு பிரிட்டிஷ் எலெக்ட்ரானிக்ஸ் இதழில் வந்து, பிறகு 'ஜூல் தீஃப்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவிய சர்க்யூட். எங்கள் வீட்டில் இப்போது யாரும் செல்லைக் குப்பையில் போடுவதில்லை. "இதையும் எரிய வைப்பான், வை" என்று என் மேஜையில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள்.

யார் யாரைப் படிக்கலாம்

கையெழுத்தும் படமுமாக ஃபாரஸ்ட் மிம்ஸ் 1983-இல் வெளியிட்ட 'கெட்டிங் ஸ்டார்ட்டெட் இன் எலெக்ட்ரானிக்ஸ்' முதல் புத்தகம். அடுத்து ஹாரோவிட்ஸ், ஹில் இருவரும் எழுதிய 'தி ஆர்ட் ஆஃப் எலெக்ட்ரானிக்ஸ்'. 1980-இல் முதல் பதிப்பு, 2015-இல் மூன்றாவது. டிரான்சிஸ்டருக்குள் ஒரு குட்டி மனிதன் உட்கார்ந்துகொண்டு, பேஸ் கரண்டைப் பார்த்துப் பார்த்து ரெசிஸ்டரைத் திருகுகிற ஒரு படம் அதில் உண்டு. நூறு சமன்பாட்டுக்குச் சமம். தடித்த புத்தகம், பயப்பட வேண்டாம். நம் ரக டிரான்சிஸ்டர் இருப்பது இரண்டாம் அத்தியாயத்தில், அதையே மறுபடி மறுபடி படிக்கலாம். நம் நாட்டில் 1969 முதல் வரும் 'எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' இதழின் பழைய பிரதிகள் பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். கடைசிப் பக்கம்வரை சர்க்யூட். கம்ப்யூட்டரில் பார்க்க பால் ஃபால்ஸ்டாட் எழுதிய சிமுலேட்டர் இருக்கிறது. கம்பிக்குள் மஞ்சள் புள்ளிகளாகக் கரண்ட் ஓடுவதைக் காட்டும். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். விரல் வைத்தால் அதில் 650 இறங்காது.

"இப்போதுதான் ஆர்டுயினோ, அது இது என்று வந்துவிட்டதே, எதற்கு டிரான்சிஸ்டர்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆர்டுயினோவும் நல்லதுதான். ஆனால் அதன் ஒரு காலிலிருந்து சுமார் 20 மில்லிஆம்பியர்தான் நிம்மதியாக எடுக்கலாம். ஒரு ரிலேயை இழுக்கவோ மோட்டாரைச் சுற்றவோ வேண்டுமென்றால் கடைசியில் டிரான்சிஸ்டரிடம்தான் வந்து நிற்க வேண்டும். வந்து நிற்கும்போது அது தெரிந்த முகமாக இருந்தால் நல்லதுதானே?

இந்தச் சாதாரணச் சாமான்களால் எவ்வளவு தூரம் போகலாம் என்று சந்தேகம் வந்தால் ஹைதராபாத்தைப் பாருங்கள். அஷர் ஃபர்ஹான் என்ற அமெச்சூர் ரேடியோக்காரர் (இவர்களை ஹேம் என்பார்கள்) 2000-களின் தொடக்கத்தில் 'பிட்எக்ஸ்' என்றொரு டிரான்ஸ்சீவரை, அதாவது பேசவும் கேட்கவும் ஆன ரேடியோவை, வடிவமைத்தார். விலை உயர்ந்த இறக்குமதிப் பாகங்கள் வாங்க முடியாத இந்திய ஹேம்களுக்காக, உள்ளூர்க் கடையில் கிடைக்கும் மலிவு டிரான்சிஸ்டர்கள்; சுருள் சுற்ற, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷர்! அதை வைத்துக்கொண்டு கடல் தாண்டிப் பேசினார்கள். பல நாட்டு ஹேம்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். நான் அந்த வரைபடத்தை முதலில் பார்த்தபோது காடு மாதிரி இருந்தது. போன மாதம் மறுபடி விரித்தேன். இதோ பேஸில் இரண்டு ரெசிஸ்டர், இதோ எமிட்டர் ரெசிஸ்டர், இதோ இணையாகக் கெப்பாசிட்டர். அடடே, நம்ம ஆள்! ஒவ்வொரு கட்டமாகப் பென்சிலால் வோல்ட்டேஜ் எழுதிக்கொண்டே போக முடிந்தது. பயம் போய் எப்போது வாசிப்பாக மாறியது என்றே தெரியவில்லை.

சரி, பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். பிசி 547 பத்து, அதன் ஜோடியான பிசி 557 ஐந்து. 470 ஓம், 1, 4.7, 10, 47 கிலோஓம் ரெசிஸ்டர்கள் தலா பத்து. 10, 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் தலா ஐந்து. சிவப்பு, வெள்ளை எல்இடிகள். பிரெட்போர்ட், கம்பிகள், 9 வோல்ட் பேட்டரி, அதற்கு ஒரு கிளிப், மல்ட்டிமீட்டர். மொத்தமும் ஒரு குடும்பம் சினிமாவுக்குப் போய்ப் பாப்கார்ன் சாப்பிடும் செலவுக்குள் முடிந்துவிடும். பென்சிலும் பேப்பரும் வீட்டிலேயே இருக்கும். மீட்டரைத் தொடும் முன் எண்ணை எழுதிவிடுங்கள், அந்த ஒரு ஒழுங்கை மட்டும் விடாதீர்கள். கடைக்காரர் "ஏ-வா, பி-யா, சி-யா?" என்று கேட்டால், மூன்றிலும் கொடுங்கள் என்று சொல்லுங்கள்.